உச்சக் குரலும் அதன் விலையும்

மேலைநாட்டு இசையிலே மிக உயர்ந்த சுருதியிற் பாடும் குரலைச் சொப்பிரானோ என்பர். இன்று அச்சொல்லைக் கேட்டதும் பெண்ணொருத்தியின் குரலே நினைவுக்கு வரும். ஆயின், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே இத்தாலியில் அக்குரலாற் பெரும்புகழ் ஈட்டியோர் பலர் ஆடவராவர். அவர்களைக் கஸ்ராற்றி என அழைத்தனர்.

தேவாலயங்களிலே பெண்கள் பாடலாகாது என்பது அக்காலத் திருச்சபை வழக்கு. உரோமாபுரியின் நாடக அரங்குகளும் பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. சிறுவரைப் பாடவைத்தாலோ, பயிற்சி முதிரும் வேளையிற் குரல் உடைந்துவிடும். இத்தடையைக் கடக்க மனிதர் கண்ட வழி கொடியது. குரல் உடையுமுன்னரே சிறுவரின் ஆண்மை நீக்கப்பட்டது. அதனாற் குரல்வளை சிறிதாகவே நின்றது. மார்போ முழு ஆடவனின் மார்பாய் விரிந்தது. சிறுவனின் சுருதியும் வளர்ந்தவனின் மூச்சும் ஒரே உடலிற் கூடின. 1599ஆம் ஆண்டளவில் பாப்பரசரின் சிஸ்ரீன் சிற்றாலயப் பாடகர் குழுவிலேயே இத்தகையோர் இடம்பெற்றனர்.

இச்செயலைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது; அதன் பயனாகிய குரலையோ தேவாலயங்கள் விரும்பி ஏற்றன. ஆகவே குதிரையிலிருந்து விழுந்தான், பன்றி கடித்தது என்றெல்லாம் பெற்றோர் காரணங் கூறினர். வறுமையே பல பிள்ளைகளை அந்நிலைக்குத் தள்ளியது. அவர்கள் திருமணஞ் செய்தற்கும் அனுமதியில்லை. புகழடைந்தோர் மிகச் சிலரே. ஏனையோர் ஊர்த் தேவாலயங்களிற் பாடி அறியப்படாமலே மறைந்தனர்.

அச்சிலருள் முதன்மையானவர் 1705இற் பிறந்த பாரினெல்லி. கார்லோ புறோஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். இலண்டன் மாநகரை வியப்பிலாழ்த்திய அவர், 1737இல் ஸ்பானிய அரசவைக்கு அழைக்கப்பட்டார். மனச்சோர்வால் வாடிய ஐந்தாம் பிலிப்பு மன்னருக்கு அவருடைய பாட்டே மருந்தாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பெருமதிப்புடன் வாழ்ந்த அவர், 1782இற் பொலோஞ்ஞா நகரிலே காலமானார்.

காலப்போக்கிற் சுவை மாறிற்று. மேடையிலே பெண்கள் உரிய இடத்தைப் பெற்றனர். 1824இல் மேயர்பீர் இயற்றிய இசைநாடகத்தில் வெலூற்றி என்பார் ஏற்ற பாத்திரமே இவ்வகைப் பாடகருக்கென எழுதப்பட்ட இறுதிப் பெரும் பாத்திரங்களுள் ஒன்று. 1903இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் தேவாலயங்களின் உயர்ந்த குரற் பகுதிகளைச் சிறுவரே பாடவேண்டுமெனக் கட்டளையிட்டார். அதனை ஒட்டிய 1902, 1904ஆம் ஆண்டுகளில் சிஸ்ரீன் பாடகர் அலெசாந்துறோ மொறெஸ்கியின் குரல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. அவர் 1922இல் மறைந்தார். கஸ்ராற்றிகளுள் தனித்துப் பாடிய பதிவுகளை விட்டுச் சென்றவர் அவர் ஒருவரே.

ஹாண்டெல் முதலியோர் இவர்களுக்காக எழுதிய பாத்திரங்களை இன்று பெண்களும், மேற்சுருதியிற் பாடப் பயின்ற ஆடவரும் ஏற்றுப் பாடுகின்றனர். இசை குறைவின்றி வாழ்கின்றது. அதற்கென ஒரு சிறுவனின் உடலைச் சிதைக்க வேண்டிய தேவை என்றுமே இருந்ததில்லை என்பதற்கு அதுவே சான்று.