சப்பர் கிளப்

சப்பர் கிளப் என்பது இரவுச் சாப்பாட்டையும் மேடை இசையையும் ஒரே சிறு கூடத்தில் தரும் உணவகம். மேசைகளுக்கு எட்டிய தூரத்திலேயே மேடை இருக்கும். நான்கைந்து பேர் கொண்ட குழு வாசிக்கும். நிலையான பாடகரோடு அவ்வப்போது விருந்தினராக வெளியூர்க் கலைஞர்களும் பாடுவார்கள். இதைக் கேபரே என்றும் சொல்வதுண்டு. கேபரே என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது சினிமா கிளப் டான்ஸும் எல். ஆர். ஈஸ்வரியின் குரலும்தான். கல்கத்தாவில் மிஸ் ஷெஃபாலி போன்றவர்கள் ஃபிர்போஸ் உணவகத்தில் ஆடியது உண்மை. ஆனால் ஆட்டக்காரி ஒருவர்கூட இல்லாமல், பாட்டை மட்டுமே வைத்து நடந்த கூடங்களும் பல.

இதன் வேர் பாரிஸில் இருக்கிறது. 1881இல் மோன்மார்த்ர் பகுதியில் ரொதோல்ஃப் சாலிஸ் திறந்த 'ல ஷா நுவார்', கவிஞர்களும் பாடகர்களும் குடிக்க வந்தவர்களுக்கு நடுவே நின்று நிகழ்த்திய இடம். இந்தியாவுக்கு இந்த வழக்கம் பெரிய ஹோட்டல்கள் வழியாக வந்தது. 1930களில் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலில் லியோன் ஆபி, டெடி வெதர்ஃபோர்டு முதலிய கறுப்பின அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். வெதர்ஃபோர்டு 1945இல் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார். அவர்களிடம் பழகிய கோவா இசைக்கலைஞர்கள் பலர் பின்னர் சினிமா இசைக்குழுக்களுக்குள் போனார்கள். ட்ரம்பெட் வாசித்த சிக் சாக்லேட், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்குத் துணையாக இருந்தது அதற்கு நல்ல சான்று. இந்தி சினிமாவின் 1950களின் துள்ளல் இசைக்கு இந்த ஹோட்டல் கூடங்கள் பட்டறையாக இருந்தன என்று சொன்னால் மிகையில்லை.

கல்கத்தாவின் பார்க் தெருவில்தான் சப்பர் கிளப் ஹோட்டலை விட்டு வெளியே வந்து தனிக் கடையாக நிலைத்தது. மொக்காம்போ, புளூ ஃபாக்ஸ், மூலாங் ரூஜ், டிரின்காஸ் என்று அடுத்தடுத்து நடக்கிற தூரத்தில் இருந்தன. பாம் கிரெய்ன் மொக்காம்போவில் பாடிப் பெயர் பெற்றார். லூயிஸ் பாங்க்ஸ் புளூ ஃபாக்ஸில் பியானோ வாசித்தார். டிரின்காஸ் ஆரம்பத்தில் ஒரு சுவிஸ்காரரின் கேக் கடை. 1959இல் ஓம் பிரகாஷ் பூரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் அதை வாங்கி, இசையோடு சாப்பிடும் இடமாக மாற்றினார்கள்.

சென்னையின் பங்கு சின்னது. ஆனால் அதன் விளைவு பெரிது. 1964இல் மவுன்ட் ரோட்டில் திறக்கப்பட்ட சஃபையர் வளாகத்தில் சஃபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என்று மூன்று திரையரங்குகள். எல்லாம் ரத்தினப் பெயராக இருந்ததால், அடித்தளத்திலிருந்த இரவு விடுதிக்கும் 'நைன் ஜெம்ஸ்' என்ற பெயர் பொருந்திப்போனது. 1960களின் இறுதியில் அங்கே மேடையேறிய, பம்பாயில் வளர்ந்த ஓர் இளம் தமிழ்ப் பெண்ணின் பாட்டு உரிமையாளருக்குப் பிடித்துப்போக, ஒரு வாரம் தங்கிப் பாடச் சொன்னார். அந்தப் பெண் உஷா. பின்னாளில் உஷா உதூப். அவர் 1969இல் டிரின்காஸுக்குப் போனார்.

உஷா புடவை கட்டிக்கொண்டு, பெரிய பொட்டும் கை நிறைய வளையலுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார். இரவு விடுதிப் பாடகி என்றால் பளபளக்கும் கவுன் என்று நினைத்திருந்த கூட்டத்துக்கு அது புதுசு. அதைவிட முக்கியம், குடும்பத்தோடு வந்து உட்கார அந்தப் புடவை ஒரு தைரியம் கொடுத்தது. ஆனாலும் சந்தேகம் ஒழியவில்லை. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவரது பாட்டைப் பண்பாட்டுச் சீர்கேடு என்று சொல்லி அரசு அரங்கம் தர மறுத்தார். உஷா நீதிமன்றம் போய் வென்றார். 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் அவருக்குக் கிடைத்தன.

சப்பர் கிளப்பின் கணக்கு எளிது, அதனாலேயே இடர் மிகுந்தது. வருமானம் சாப்பாட்டிலும் மதுவிலும். இசை முழுக்கச் செலவு. மதுவிலக்கு நடப்பில் இருந்த 1960களின் சென்னையில், மது விற்பனையை நம்பி ஒரு குழுவை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது கடினம். வாரா வாரம் திரும்பி வருகிற உள்ளூர் வாடிக்கையாளரும் வேண்டும். விடுமுறைக் கூட்டத்தையே நம்பியிருக்கும் மலையூரில் இது கட்டுப்படியாகாது.

இந்தத் தொழிலைச் சாய்த்தது ரசனை மாற்றம் என்று பலர் எழுதுகிறார்கள். வரியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1944இல் பாட்டோ ஆட்டமோ நடக்கும் உணவகங்களுக்கு 30 சதவீதம் கேபரே வரி விதித்து, அதே ஆண்டில் 20 ஆகக் குறைத்தார்கள். வெறும் வாத்திய இசைக்கு வரி இல்லை. எனவே பல கடைக்காரர்கள் பாடகரை நிறுத்திவிட்டு வாத்தியக் குழுவை மட்டும் வைத்தார்கள். கல்கத்தாவிலும் கேளிக்கை வரி ஏறியபோது உணவகங்கள் இசைக்குழுக்களை ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டன. நக்சல்பாரிக் காலத்துப் பதற்றமும் ஓயாத மின்வெட்டும் மிச்சத்தை முடித்தன.

இன்றைய சிக்கல்கள் வேறு. பிறர் பாட்டை மேடையில் பாட, 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமைச் சங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். மகாராஷ்டிரத்தில் இசைக்குழு மேடையில் நான்கு பெண்கள், நான்கு ஆண்கள் என்று காவல்துறை வைத்திருந்த உச்சவரம்பை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மேடையில் மொத்தம் எட்டுப் பேர் என்ற வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது.