பாண்டி பசார்

பாண்டி பசார் என்பது சென்னை மாநகரின் தியாகராய நகர்ப் பகுதியில் அமைந்துள்ள ஒரு கடைவீதி ஆகும். பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே அண்ணா சாலை நோக்கிச் செல்லும் தியாகராயர் சாலையின் ஒரு பகுதியே இப்பெயரால் வழங்குகிறது. இதன் அலுவல்முறைப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பேச்சு வழக்கில் பாண்டி பஜார் என்பர். துணி, பாத்திரம், காலணி, வளையல், பூ என நடுத்தரக் குடும்பங்களுக்கு வேண்டிய பொருட்கள் பலவும் இங்குக் கிடைக்கின்றன. நடைபாதை யாருக்கு உரியது என்ற கேள்வி சென்னையில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று. கடைக்காரர், நடைபாதை வணிகர், குடியிருப்போர், பொருள் வாங்க வருவோர் ஆகிய நான்கு தரப்பினரும் இவ்விவாதத்தில் பங்கு கொண்டுள்ளனர்.

பெயர்

இவ்வீதி நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம் ஆகியவற்றின் தலைவர்களுள் ஒருவரான ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் (1893 - 1953) பெயரால் அமைந்தது. 1929 ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுப்போரின் உரிமம் நீக்கப்படும் என ஆணையிட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

புதுச்சேரியிலிருந்து வந்த வணிகர்களால் இப்பெயர் ஏற்பட்டது என்று சொல்வோரும் உள்ளனர். "பாண்டி" என்ற சொல் பேச்சில் புதுச்சேரியையும் குறிப்பதால் இவ்விளக்கம் எளிதாகப் பரவியிருக்கலாம். ஆனால் சுற்றியுள்ள தெருக்களின் பெயர்களைப் பார்த்தால் முதல் விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. தியாகராய நகர் என்ற பெயர் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரைக் குறிக்கும். பனகல் பூங்கா 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரைத் தாங்கியது. உசுமான் சாலை, தணிகாசலம் சாலை, நடேசன் பூங்கா, ஜி. என். செட்டி சாலை ஆகியனவும் அக்கால அரசியல், ஆட்சித் தலைவர்களின் பெயர்களே. ஒரு கட்சி ஆட்சியிலிருந்த காலத்தில் உருவான நகர்ப்பகுதி என்பதை அதன் வரைபடத்தைக் கொண்டே அறியலாம்.

சாதிப் பின்னொட்டுகளைத் தெருப்பெயர்களிலிருந்து நீக்கும் முயற்சி பின்னாளில் நடந்தது. அதனால் ஜி. என். செட்டி சாலை, ஜி. என். சாலை எனவும் எழுதப்படுகிறது. ஒரே சாலை இரண்டு பெயர்களில் வழங்குவதால் புதிதாக வருவோர் குழம்புவதுண்டு.

ஏரியிலிருந்து நகர்

தியாகராய நகர் ஓர் ஏரியின் படுகையில் அமைக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டிருந்த இந்நீர்நிலையை ஆங்கிலேயர் நீள் ஏரி என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். மாம்பலம் பகுதியில் இருந்த அதன் நீர் வடிக்கப்பட்டு, 1923 - 1925 ஆண்டுகளில் மனைகள் பிரிக்கப்பட்டன. 1920 ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் உருவான தொடக்ககாலத் திட்டமிட்ட குடியிருப்புகளுள் இது ஒன்று. நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், சாலையோர மரங்கள், தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் என்பது திட்டம்.

திட்டத்தில் வீடுகளுக்கே முதலிடம். கடைகள் அவ்வீடுகளின் தேவைக்காக வந்தவை. ஆயினும் மாம்பலம் தொடர்வண்டி நிலையம் அருகில் இருந்ததும், 1931 இல் சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும் நிலைமையை மாற்றின. புறநகரில் குடியேறியவர்கள் ஒரே வண்டியில் வந்து பொருள் வாங்கித் திரும்ப முடிந்தது. காஞ்சிபுரப் பட்டு விற்கும் நல்லி நிறுவனம் 1928 முதலே இங்கு இயங்கி வருகிறது. பிற்காலத்தில் தியாகராய நகர்ப் பேருந்து நிலையமும் சேர்ந்துகொள்ள, திருமணத்துக்குத் துணியும் நகையும் வாங்கத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இங்கு வரலாயினர்.

1982 மே மாதம் தமிழீழ விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரனுக்கும் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தின் உமா மகேசுவரனுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடந்ததும், பிரபாகரன் கைதானதும் இவ்வீதியில்தான். ஈழப் போராட்ட வரலாற்று நூல்களில் பாண்டி பசார் என்ற பெயர் இடம்பெறுவது இதனாலேயே.

நடைபாதை வணிகம்

பெரிய கடைக்குப் போகும் வழியில் நினைவுக்கு வரும் சிறு பொருட்களை விற்பதே நடைபாதை வணிகத்தின் அடிப்படை. கைக்குட்டை, தலைமுடி ஊசி, பொட்டு, பாவாடை நாடா, குழந்தைக்குச் சட்டை, கைப்பை போன்றவற்றுக்காக யாரும் தனியே பயணம் செய்வதில்லை. கண்ணில் பட்டால் வாங்குவர். எனவே இவ்வணிகருக்கு மக்கள் நடக்கும் தடமே முதலீடு. அத்தடத்திலிருந்து இருபது அடி தள்ளி வைத்தாலும் விற்பனை குறையும். பாண்டி பசாரில் இடமாற்றம் தொடர்பாக எழுந்த சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதுமானது.

எதிர்த்தரப்பின் குறையும் பொய்யானதன்று. இருபுறமும் கடை விரித்த நடைபாதையில் முதியவரோ, குழந்தையை ஏந்திய தாயோ, சக்கர நாற்காலியில் வருபவரோ செல்ல முடியாது. அவர்கள் சாலையில் இறங்கிப் பேருந்துக்கும் தானிக்கும் இடையே நடக்க நேரிடும். நிலையான கடை வைத்திருப்போர், வாடகையும் வரியும் செலுத்தும் தம் வாயிலை மறைத்து வாடகையற்ற கடை இருப்பதை எதிர்த்தனர். அதே வேளை, நடைபாதைக் கடைகளால் கூடும் கூட்டமே தம் கடைக்குள்ளும் நுழைகிறது என்பதை அறிந்த கடைக்காரர்களும் இருந்தனர்.

சட்டம் இவ்விரு தரப்புக்கும் இடம் தந்தது. 1989 இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவில் வணிகம் செய்வது அரசியலமைப்பின் 19(1)(எ) உறுப்பில் அடங்கும் உரிமை என்றது. ஆனால் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் விற்பேன் என்று கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் கூறியது. விவாதங்களில் ஒவ்வொரு தரப்பும் இத்தீர்ப்பின் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்காட்டும் நிலை ஏற்பட்டது. முழுவதும் படித்தால், வணிகரை அகற்றலாம், ஆனால் பிழைக்கும் வழியின்றி அகற்றக்கூடாது என்பதே அதன் போக்கு.

இதற்குத் தீர்வாகச் சென்னை மாநகராட்சி இவ்வீதியிலேயே பல அடுக்கு வணிக வளாகம் ஒன்றைக் கட்டியது. நீண்ட இழுபறிக்குப் பின் 2013 இல் 600க்கும் மேற்பட்ட நடைபாதை வணிகர்கள் அங்கு மாற்றப்பட்டனர். நடைபாதை உடனே அகன்று தெரிந்தது. ஆனால் வளாகத்துக்குள் சென்றவர்கள் விற்பனை படுத்துவிட்டதாக முறையிட்டனர். குறிப்பாக மேல்தளங்களுக்குப் படியேறி வர வாங்குவோர் விரும்பவில்லை. கைக்குட்டை வாங்க யார் மாடி ஏறுவார்? காலப்போக்கில் நடைபாதையில் மீண்டும் கடைகள் முளைத்தன.

2014 ஆம் ஆண்டு நடுவண் அரசின் தெரு வணிகர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு நகரிலும் நகர வணிகக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகர்களாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் வெளியேற்றக்கூடாது. இடம் மாற்றுவதாயின் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நடைபாதையை யார் பயன்படுத்துவது என்ற முடிவில் வணிகருக்கும் வாக்கு உண்டு என ஏற்றுக்கொண்டதே இச்சட்டத்தின் முதன்மையான மாற்றம்.

கட்டட விதிமீறல்கள்

நடைபாதையில் நான்கடி இடம் பிடித்தவர் மீதே பொதுமக்களின் கண் விழுகிறது. உயரத்தில் நடந்த ஆக்கிரமிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீட்டு மனைகளில் எழுந்த பல வணிகக் கட்டடங்கள் அனுமதித்த தளங்களுக்கு மேல் கட்டப்பட்டன. வண்டி நிறுத்தக் காட்டிய அடித்தளம் கிடங்காகவோ கடையாகவோ மாறியது. அங்கு நிற்க வேண்டிய வண்டிகள் தெருவிலும், அருகிலுள்ள வீடுகளின் வாயில்களிலும் நின்றன. எனவே வண்டி நெரிசல் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் கட்டட விதிமீறலின் விளைவு ஆகும்.

1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1999 பெப்ரவரி 28க்கு முன் முடிந்த விதிமீறல்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த வழி செய்யப்பட்டது. பின்னர் இக்காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஒருமுறைச் சலுகையை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், தொடர் நீட்டிப்புகளை 2006 இல் செல்லாதவை என அறிவித்தது. 2011 அக்டோபர் இறுதியில் தியாகராய நகரில் உசுமான் சாலை, ரங்கநாதன் தெரு பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கட்டடங்கள் மூடி முத்திரையிடப்பட்டன. 2012 சனவரியில், பொங்கல் நேரத்தில், உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அவை திறக்கப்பட்டன.

இது தாளில் மட்டும் உள்ள சிக்கலன்று. 2008 செப்டெம்பரில் ரங்கநாதன் தெருவின் பெரிய கடை ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் அங்கு வேலை செய்த இருவர் இறந்தனர். 2017 மே 31 அன்று தெற்கு உசுமான் சாலையில் இருந்த சென்னை சில்க்ஸ் நிறுவனத்தின் ஏழு தளக் கட்டடம் தீப்பற்றி, ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, பின் இடிக்கப்பட்டது. குறுகிய தெருவும் சுற்றிலும் இடைவெளி விடாத கட்டடமும் தீயணைப்போரை எவ்வாறு தடுக்கும் என்பதை இவ்விபத்துகள் காட்டின.

இக்கடைகளின் ஊழியர்கள் மேற்கண்ட நான்கு தரப்பிலும் சேராதவர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து, கடை தரும் விடுதியில் தங்கி, நாள் முழுதும் நின்றபடி வேலை செய்வோர் இவர்களுள் பலர். வசந்தபாலன் இயக்கிய அங்காடித் தெரு (2010) திரைப்படம் இவர்கள் வாழ்வைக் காட்டியது. கடைகளில் பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 இல் நிறைவேற்றியது.

நடைபாதை வளாகம்

சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாயில் பாண்டி பசார் நடைபாதை வளாகம் அமைக்கப்பட்டு, 2019 நவம்பர் 13 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமியால் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன், சில நாட்கள் வண்டிகளை நிறுத்திச் சோதனை நடத்தப்பட்டது. வண்டி வராவிட்டால் வாங்குவோரும் வரமாட்டார் எனக் கடைக்காரர் சிலர் அஞ்சினர். தம் தெருக்களில் நெரிசல் கூடும் எனப் பக்கத்துத் தெருவினர் கூறினர்.

முடிவில் வண்டிகள் முற்றிலும் நீக்கப்படவில்லை. சாலை குறுக்கப்பட்டு, இருபுறமும் அகன்ற நடைபாதையும் இருக்கைகளும் அமைக்கப்பட்டன. இது ஓர் இடைப்பட்ட ஏற்பாடு. ஆனாலும் இதன் பயன் கண்கூடானது. மாலையில் எதுவும் வாங்காமலே முதியவர்கள் வந்து அமர்வதையும், குழந்தைகள் விளையாடுவதையும் இங்குக் காணலாம். பின்னர் 200க்கும் மேற்பட்ட மகிழுந்துகளும் 500க்கும் மேற்பட்ட இருசக்கர வண்டிகளும் நிறுத்தத்தக்க பல அடுக்கு நிறுத்துமிடம் அமைக்கப்பட்டது. நடைபாதை அகன்றதும் வணிகர் அங்கு வருவது பற்றிய பழைய வாதம் மீண்டும் எழுந்தது. இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம் சுண்டல் விற்பவரும் ஆக்கிரமிப்பாளரா என்பது அதன் புதிய வடிவம்.

மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு இது உதவுகிறது. ஆயினும் அத்தெருவில் கூட்டத்தோடு நடப்பதற்கென்றே வருபவர்களும் உண்டு.

நீர்

ஏரி மறைந்தாலும் நிலத்தின் தாழ்வு மறையவில்லை. பகுதியின் மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டு செல்வது மாம்பலம் கால்வாய். 2015 திசம்பர் வெள்ளத்திலும் 2021 நவம்பர் மழையிலும் தியாகராய நகரின் பல தெருக்களில் நீர் தேங்கியது. 2021 இல் நடைபாதைப் பணிகளும் கால்வாய்ப் பணிகளுமே நீர் வடியாமைக்குக் காரணம் எனக் குடியிருப்போர் குற்றம் சாட்டினர். சீர்மிகு நகரத் திட்ட முறைகேடுகள் பற்றி விசாரிக்க ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் பி. டபிள்யூ. சி. டேவிதார் தலைமையில் அரசு ஆணையம் அமைத்தது.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடத்துக்கான நிலத்தடி நிலையம் ஒன்று பனகல் பூங்காவில் திட்டமிடப்பட்டது. இக்கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பணிக்காகப் பூங்காவின் நிலம் எடுக்கப்பட்டதும் அங்கிருந்த மரங்கள் பற்றிய கவலை எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரி காட்சிச் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட சாலையும், நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரையைக் குறிக்கும் பெயர் கொண்ட சாலையும் இன்றும் உள்ளன. இரண்டிலிருந்தும் ஏரி தெரிவதில்லை.