சிலிக்கான்-கரிம ஆனோடு

சிலிக்கான்-கரிம ஆனோடு என்பது இலித்தியம்-அயனி மின்கலத்தில், வழக்கமான கிராஃபைட்டு போன்ற கரிமப் பொருளுடன் நானோ அளவிலான சிலிக்கானைச் சேர்த்து உருவாக்கப்படும் மின்முனை ஆகும். மின்னேற்றத்தின்போது இலித்தியம் அயனிகள் இம்முனையில் சேமிக்கப்படுகின்றன. ஆனோடைத் தமிழ்ப் பாடநூல்கள் நேர்மின்வாய் என்கின்றன. மின்னாற்பகுப்புக் கலத்துக்கு இச்சொல் பொருந்தும். மின்சாரம் தரும் மின்கலத்திலோ ஆனோடே எதிர்முனை என்பதால் இச்சொல் குழப்பம் தரக்கூடியது.

கொள்ளளவும் விரிவும்

கிராஃபைட்டு அடுக்குகளுக்கு இடையே ஆறு கரிம அணுக்களுக்கு ஓர் இலித்தியம் என்ற அளவிலேயே இடமுண்டு. ஆகவே ஒரு கிராம் கிராஃபைட்டின் கொள்ளளவு 372 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டுவதில்லை. நான்கு சிலிக்கான் அணுக்களோ 15 இலித்தியம் அணுக்களை ஏற்கும். கிராமுக்குச் சுமார் 3,580 மில்லி ஆம்பியர்-மணி.

இத்தனை இலித்தியம் புகுவதால் சிலிக்கானின் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. கிராஃபைட்டு சுமார் 10 விழுக்காடே விரியும். விரிந்து சுருங்கும் சிலிக்கான் துகள் வெடித்து மின்தொடர்பை இழக்கிறது. மேலும், மின்பகுபொருள் சிதைந்து ஆனோடின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. கிராஃபைட்டில் இப்படலம் பெரும்பாலும் நிலைத்து நின்று மின்முனையைக் காக்கும். சிலிக்கானில் அது ஒவ்வொரு சுற்றிலும் கிழிந்து மீண்டும் உருவாவதால் இலித்தியம் வீணாகிறது. மின்கலத்தின் ஆயுள் குறைகிறது.

நானோ வடிவங்கள்

சிலிக்கான் நானோ கம்பிகள் இவ்விரிவை உடையாமல் தாங்கும் என 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் குழுவினர் காட்டினர். சுமார் 150 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் வெடிப்பதில்லை என 2012இல் வெளியான ஆய்வு கண்டது. எனினும் துகள் சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு பெருகி, முதல் மின்னேற்றத்திலேயே படலத்துக்குச் செலவாகும் இலித்தியமும் கூடுகிறது. துகளுக்குக் கரிமப் பூச்சு இடுவது இதனாலேயே: அது மின்சாரத்தைக் கடத்தும், மின்பகுபொருளையும் விலக்கி வைக்கும். சந்தைக்கு வந்த மின்கலங்கள் பலவற்றில் சிலிக்கான் அல்லது அதன் ஆக்சைடு கிராஃபைட்டுடன் சிறு பங்காகவே கலக்கப்படுகிறது.

தமிழ்நாட்டு மூலப்பொருள்கள்

சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் செதில் கிராஃபைட்டை வெட்டி எடுக்கிறது. தாதுவில் கரிமம் சுமார் 14 விழுக்காடே. மின்கலத்துக்கு 99.9 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தூய்மையும் உருண்டையாக்கிய துகளும் தேவை. கடினமான பணி இதுவே. அருகிலுள்ள காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கலப் பொருள்களை ஆராய்ந்து வருகிறது.

வடசென்னையை அடுத்த செங்குன்றத்தைப் போல அரிசி ஆலைகள் மிகுந்த ஊர்களில் கிடைக்கும் உமியும் ஒரு மூலப்பொருளாகலாம். உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து ஏற்ற இச்சிலிக்கா இயல்பிலேயே நானோ கட்டமைப்பு உடையது. மக்னீசியத்துடன் சூடாக்கினால் அக்கட்டமைப்பு பெருமளவு குலையாமல் சிலிக்கானாகிறது என 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மக்னீசியத்தின் விலையும், எஞ்சும் மக்னீசியம் ஆக்சைடை அமிலத்தால் கழுவ வேண்டியிருப்பதும் இம்முறையின் குறைகள்.