வெள்ளிக்கிழமைக் கமிட்டி

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்று 1972 அக்டோபர் 2ஆம் தேதி டென்மார்க் மக்களிடம் கேட்டபோது, 63.3 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஜெயித்த மறுநாளே பிரதமர் ஜென்ஸ் ஓட்டோ கிராக், போதும் என்று பதவி விலகினார். கிடங்குத் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவரான அங்கர் யோர்கென்சன் பிரதமரானார். அவரது அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

1973 ஜனவரியில் உறுப்பினரான சூடு ஆறுவதற்குள் வந்தது வம்பு. பிரிட்டனுக்குப் போகும் பன்றி இறைச்சி வியாபாரம் டேனிஷ் விவசாயிகளுக்கு உயிர்நாடி. அது குறித்து வேளாண் அமைச்சர் பிரஸ்ஸல்ஸில் ஓர் உடன்பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு ஊர் திரும்பினார். ‘எங்களைக் கேட்காமல் எப்படி?’ என்று நாடாளுமன்றம் கொதித்தது.

அதில் பிறந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. முக்கிய விஷயமென்றால், பிரஸ்ஸல்ஸ் கிளம்பும் முன் அமைச்சர் நாடாளுமன்றத்தின் 17 பேர் கொண்ட கமிட்டியின் முன் உட்கார வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. இன்னின்னதைக் கேட்பேன், இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று வாயால் சொல்வார். கட்சிகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும். தலைவர் போடும் கணக்கு தலைகளுக்கல்ல. அந்தக் கட்சிகளுக்கு அவையில் உள்ள இடங்களுக்கு. எதிர்ப்பவர்கள் பெரும்பான்மை இல்லையென்றால் அமைச்சர் விமானம் ஏறலாம். வாய் திறக்காதவர் சம்மதித்தவர். பேரத்தின் நடுவே நிலையை மாற்றுவதென்றால் மறுபடி கேட்டாக வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு தகவல் மட்டும் கேட்டுக்கொண்ட நாடாளுமன்றங்கள் ஐரோப்பாவில் ஏராளம். டேனிஷ்காரர்கள் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே அரசுகள் அடிக்கடி சிறுபான்மையாகவே அமைந்தன. கமிட்டியைப் பகைத்துக்கொண்டு எந்த அமைச்சராலும் பிழைக்க முடியாது. அவ்வளவுதான்.

ஆனால் அமைச்சருக்குக் கடிவாளம் போட்டவர்கள், வாக்காளர் மனதைக் கோட்டைவிட்டார்கள். 1953 அரசியல் சாசனப்படி, நாட்டின் அதிகாரத்தை வெளி அமைப்புக்குக் கொடுக்க நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும். அதாவது 179இல் 150. இல்லையென்றால் மக்கள் தீர்ப்பு. ஐரோப்பியச் சமூகத்தை ஒன்றியமாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு 1992 மே மாதம் கிடைத்தது 130. எதிர்த்தவர்கள் 25 பேர்தான். பெரிய கட்சிகள் அத்தனையும் ஒரே பக்கம். ஜூன் 2ஆம் தேதி மக்களில் 50.7 சதவீதம் பேர் முடியாது என்றார்கள்.

அந்த ஒப்பந்தம் பன்னிரண்டு நாடுகளும் ஏற்றால்தான் செல்லும். பாதிக்கு மேற்பட்ட டேனிஷ் வாக்காளர்களைச் சமாதானப்படுத்த எடின்பரோவில் நடந்த பேரத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)