உளநோய் தீர்க்கும் பணியிற் பொறிகளின் இடம்

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என்பன அந்நான்குமாம். உடலைப் பற்றிய நோய்க்கு மட்டுமன்றி உளத்தைப் பற்றிய நோய்க்கும் இப்பகுப்புப் பொருந்தும். ஆயின், உளமருத்துவத்தில் மருந்தின் பெரும்பகுதி சொல்லேயாகும். துன்புற்றவன் கூறுஞ் சொல்லும், அதனைச் செவிமடுப்பவன் மறுமொழியாகக் கூறுஞ் சொல்லுமே அங்குப் பயன் விளைக்கின்றன. எனவே, சொல்லைத் தொலைவிற் கொண்டு செல்லவும் பதிந்து வைக்கவும் வல்ல பொறிகள் அம்மருத்துவத்துட் புகுந்தபோது, அவை இந்நான்கனுள் எவ்விடத்தைப் பெறுதற்குரியன என்னும் வினா எழுந்தது. கடந்த எழுபது ஆண்டுகளின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

முதலிற் குறிப்பிடத்தக்கது தொலைபேசியாகும். இலண்டன் மாநகரில் ஓர் ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய சாட் வாரா என்பவர், உயிர்விடத் துணிந்தோர் அழைத்துப் பேசுதற்கென 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு தொலைபேசி இணைப்பை ஏற்படுத்தினார். பூப்பெய்தியதைக் கொடுநோயென அஞ்சித் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட பதினான்கு வயதுச் சிறுமியொருத்தியின் ஈமக்கிரியையை 1935ஆம் ஆண்டில் அவர் நடத்த நேர்ந்தது. அந்நிகழ்ச்சியே இப்பணிக்கு வித்தாயிற்று. அவரைக் காண வந்தோர்க்குத் தேநீர் வழங்கித் துணையிருக்கத் தொண்டர் சிலர் முன்வந்தனர். காத்திருந்தோருட் பலர் அத்தொண்டரிடம் மனந்திறந்து பேசியே ஆறுதலடைந்து, குருவைக் காணாமலே திரும்பினர். இதனை உணர்ந்த வாரா, 1954ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் செவிமடுக்கும் பணியைத் தொண்டரிடமே ஒப்படைத்தார். சமாரித்தன்ஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் வழியிலேயே இலங்கையிலும் ஜோன் டி மெல் அம்மையாரால் 1974ஆம் ஆண்டில் சுமித்ரயோ நிறுவப்பெற்றது. துன்புற்றோனையும் துணைவனையும் இணைத்தலே இவற்றில் தொலைபேசி ஆற்றிய தொண்டாகும்.

தொலைபேசி குரலை மாத்திரமே கொண்டு சென்றது. உளமருத்துவரோ நோயாளியின் முகக்குறிப்பையும் மெய்ப்பாட்டையுங் காணவேண்டியவர். ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்திற் சிசில் விற்சன் என்னும் உளமருத்துவரும் அவர்தம் துணைவரும் 1959ஆம் ஆண்டளவில் இருவழித் தொலைக்காட்சியைச் சிகிச்சையிற் பயன்படுத்தத் தொடங்கினர். 1964ஆம் ஆண்டில் ஓமாகா நகரத்து உளமருத்துவ நிலையம், 112 மைல் தொலைவிலிருந்த நோபோக் அரசாங்க மனநோய் வைத்தியசாலையுடன் இவ்வாறு இணைக்கப்பட்டது. மருத்துவர் அருகிய இடங்களுக்கு மருத்துவரின் கண்ணுஞ் செவியும் எட்டின.

இவ்விரு கருவிகளிலும் ஒரு முனையில் நோயாளியும் மறுமுனையில் மனிதனும் இருந்தனர். மறுமுனையில் மனிதன் இல்லாதொழியின் யாது நிகழும்? மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட எலைசா என்னுங் கணனி நிரல் இவ்வினாவை எழுப்பிற்று. நோயாளியின் கூற்றையே வினாவாகத் திருப்பிக் கேட்கும் ஒருவகை உளமருத்துவரைப் போன்று அது விடையளித்தது. தட்டச்சிற் கொடுக்கப்பட்ட வாக்கியத்திற் குறிச்சொற்களைக் கண்டு, தன்மைச் சொல்லை முன்னிலையாக மாற்றித் திருப்பிக் கூறுவதே அதன் முறை. ஒருவர் தம் தாயைக் குறிப்பிடின், குடும்பத்தைப் பற்றி மேலுங் கூறுமாறு அது கேட்கும். தாய் என்னுஞ் சொல்லின் பொருளை அஃது அறியாது. ஆயினும், அந்நிரல் உருவாகியதைப் பன்மாதம் அருகிருந்து கண்ட வைசன்பாமின் செயலாளரே அதனோடு உரையாடத் தொடங்கியதும், தமக்குத் தனிமை வேண்டுமென அவரை அறையைவிட்டு நீங்குமாறு கேட்டுக்கொண்டார்.

அதே ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து உளமருத்துவர் கென்னெத் கோல்பியும் அவர்தம் துணைவரும், மருத்துவர் போதாத நிலையங்களில் ஒரு கணனி மணிக்குப் பல நூறு நோயாளரைக் கவனித்தல் கூடுமென எழுதினர். அவர்தம் நோக்கம் இகழ்தற்குரியதன்று. மருத்துவர் பற்றாக்குறை அன்றும் இன்றும் மெய்யானதே. எனினும் வைசன்பாம் இதனைக் கேட்டுத் திடுக்குற்றார். கணனியாற் செய்யக்கூடியன யாவும் அதனிடம் ஒப்படைக்கத்தக்கன அல்ல என்பதை 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக வாதித்தார்.

அவ்வாதம் பின்னர் ஆய்விற்கும் உள்ளாயிற்று. மனச்சோர்வுற்றோர் தாமே கணனியிற் பயிலுதற்குரிய சிகிச்சைப் பாடங்கள் 2000ஆம் ஆண்டின் பின் பரவின. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதார நெறியமைப்புக்குழு அத்தகைய பாடமொன்றை விதந்துரைத்தது. ஆனால் 691 நோயாளரை உட்படுத்தி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நாட்டு ஆய்வொன்று, வழக்கமான குடும்ப மருத்துவரின் பராமரிப்போடு இப்பாடங்களைச் சேர்த்ததனாற் குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை விளையவில்லை எனக் கண்டது. நோயாளருட் பலர் ஓரிரு பாடங்களோடு நின்றுவிட்டனர். பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து வழிகாட்டும்போது இம்முறை கூடிய பயனளித்தலைப் பிற ஆய்வுகள் காட்டுகின்றன. கைவிடப்படாதிருத்தலும் மருந்தின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும்.

பொறி சொல்லைக் கொண்டு செல்வதோடு அமையாது. அதனைச் சேமித்தும் வைக்கின்றது. பின்லாந்து நாட்டில் வாஸ்தாமோ என்னும் உளச்சிகிச்சை நிறுவனத்தின் கணனிப் பதிவேடுகள் தக்க காவலின்றியிருந்தமையாற் களவாடப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இது வெளிப்பட்டது. ஏறத்தாழ 33,000 பேரின் அந்தரங்கம் களவுபோயிற்று. நிறுவனத்திடம் மட்டுமன்றி நோயாளரிடமுந் தனித்தனியே பணங்கேட்டு மிரட்டுங் கடிதங்கள் அனுப்பப்பட்டன. மருத்துவரை நம்பிக் கூறிய சொல் நோயாளியை வருத்தும் படைக்கலமாயிற்று. சிகிச்சையளித்தோர் தம் கலையில் வல்லுநராயிருந்திருக்கலாம். அவர்தம் குறிப்புகள் எங்கு, எவருடைய காவலில் இருந்தன என்பதை அறிதல் அக்கலைக்குப் புறம்பானதென்று கருதப்பட்ட இடத்திலேயே கேடு புகுந்தது.

அவ்வறிவு இனிப் புறம்பானதன்று. தொலைத்தொடர்பு வழியாகப் பணியாற்றும் உளவியலாளர், தாம் கையாளும் கருவியின் இயல்பையும் அது நோயாளியிடத்து விளைக்கக்கூடியவற்றையும் அறிந்திருத்தல் வேண்டுமென்பதை அமெரிக்க உளவியற் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் முதல் நெறியாக வைத்தது. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றுப் பரவிச் சிகிச்சையறைகள் மூடப்பட்டபோது, அந்நெறி பல நாடுகளில் அன்றாடத் தேவையாயிற்று. 2022ஆம் ஆண்டின் இறுதியிற் சட்ஜிபிடி வெளிவந்தபின், எலைசாவினும் பன்மடங்கு வன்மையுடைய உரையாடற் பொறிகளிடம் மக்கள் தம் துயரைக் கூறத் தொடங்கியுள்ளனர். வைசன்பாமின் அறையில் ஒருவர்க்கு நேர்ந்தது இன்று பலர்க்கு நேர்கின்றது.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, வள்ளுவர் வகுத்த நான்கனுள் பொறிக்குரிய இடம் அருகிருந்து துணைபுரிவோனுடையதே எனத் துணியலாம். அத்துணை தொலைவை நீக்கும், காலத்தைச் சுருக்கும், மருத்துவர் செல்லவியலா இடத்திற்கு அவர்தங் குரலை எடுத்துச் செல்லும். ஆயின், துணைவனின் இயல்பை அறியாத மருத்துவன் அவனிடம் நோயாளியை ஒப்படைத்தல் ஆகாது. கணனியறிவு உளமருத்துவர்க்கு அணிகலனன்று. நோயாளியின் மறைமொழியைக் காக்குங் கடமையின் ஒரு பகுதியேயாகும்.