ஒப்பாரி: எம் பெண்களின் அழுகையும் ஆக்கமும்

இறந்தவரை நோக்கிப் பெண்கள் பாடி அழும் வாய்மொழிப் பாடலே ஒப்பாரி. பிலாக்கணம் என்றும் அதைச் சொல்வதுண்டு. இறந்தவரை வேறொன்றுக்கு ஒப்பாகச் சொல்லி அழுவதால் இப்பெயர் வந்தது என்பர். தாலாட்டைப் போலவே இதுவும் பெண்கள் ஆக்கி, பெண்களின் வாய்வழியே எம்மிடம் வந்து சேர்ந்த செல்வம்.

துயரத்தைச் சொல்லாக்குவது தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டில் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கினால் பிறக்கும் என்கிறது. புறநானூற்றில் இறந்தவரை எண்ணி இரங்கும் பாடல்கள் கையறுநிலை என்ற துறையில் அடங்கும். தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் பாடல் அந்நூலில் 112ஆவதாக உள்ளது.

ஊரில் செத்தவீட்டுக்கு வரும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, தலைசாய்த்து அழுவார்கள். ஒருத்தி தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். 'என்ர ராசா', 'என்னைப் பெத்த அம்மா' என உறவைச் சொல்லி விளிப்பதே தொடக்கம். பழகிய சில அடிகளும் உவமைகளும் எல்லோருக்கும் பொது. அவற்றோடு இறந்தவரின் தொழில், குணம், கடைசி நாட்கள் ஆகியவற்றை அந்த இடத்திலேயே இணைத்துப் பாடுவது பாடுபவளின் திறமை. எழுத்தறியாத பெண்களும் இதில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள்.

ஒப்பாரியைக் கேட்டாலே ஒரு குடும்பத்தின் உறவுநிலை விளங்கிவிடும். தாயை இழந்த மகள், இனிப் பிறந்தவீட்டில் தன்னை 'வா' என்று அழைக்க யார் இருக்கிறார்கள் என்று அழுவாள். கணவனை இழந்தவள், நல்ல காரியங்களில் இனித் தனக்கு இடமில்லை என்று அழுவாள். வாழும்போது வாய்திறந்து சொல்லமுடியாத குறைகளும் அப்போது வெளிவரும். அழுபவளை யாரும் தடுப்பதில்லை. அயல்வீட்டுச் செத்தவீட்டுக்குப் போனவள் தன் சொந்த இழப்பை நினைத்து அழுவதும் வழமை. துயரம் அங்கே ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

புலம்பெயர்ந்த எமக்கு இந்த இடம் சுருங்கிவிட்டது. மண்டபத்தில் குறித்த நேரத்துக்குள் எல்லாம் முடியவேண்டும். சத்தமாக அழுதால் அயலவர் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறோம். ஊரில் தாய் இறந்த செய்தி தொலைபேசியில் வர, அடுத்தநாள் வேலைக்குப் போனவர்கள் எம்மில் பலர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரின் நிலையோ இன்னும் கொடியது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய அந்தத் தாய்மார் கேட்பது பிள்ளைகள் எங்கே என்பதற்கான பதிலை. உடலும் இல்லை, உண்மையும் தெரியவில்லை என்றால் யாரை முன்வைத்து ஒப்பாரி சொல்வது?

ஒப்பாரி மூடப்பழக்கம் என்று ஒதுக்கியவர்களும் எம்மில் உண்டு. கைம்பெண்ணை ஒதுக்கிய வழக்கம் தவறுதான். ஆனால் அந்த ஒதுக்கலைப் பெண்கள் வாய்விட்டுச் சொன்னதும் ஒப்பாரியில்தான் என்பதை மறக்கக்கூடாது.

எமது வீடுகளில் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வோம். 'சும்மா இருக்க ஒப்பாரி பாடக்கூடாது' என்று சிலர் மறுக்கக்கூடும். பாடவேண்டாம், யாருக்காக என்ன சொல்லி அழுதீர்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்லும்போது பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.