தறி விளக்கு

தறி விளக்கு என்பது கைத்தறி நெசவாளர் தம் தறிக்கு ஏற்றபடி வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் விளக்கு ஆகும். எண்ணெய் விளக்கு, அரிக்கேன், குண்டு பல்பு, குழல்விளக்கு, எல்.இ.டி. பட்டை என இது காலந்தோறும் மாறி வந்துள்ளது. தறியை மின்சாரத்தால் ஓட்டினால் அது விசைத்தறி ஆகிவிடும். தறிக்கு வெளிச்சம் தர மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அது கைத்தறியாகவே இருக்கும். எனவே கைத்தறியின் வரலாற்றில் மின்சாரத்துக்குக் கிடைத்த முதன்மையான இடம் விளக்கின் இடமே.

வெளிச்சத்தின் தேவை

தமிழ்நாட்டில் பரவலாக உள்ள குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களை விட்டு மிதிக்கட்டையை மிதிக்கிறார். பாவு தரைக்குச் சற்று மேலே விரிந்திருக்கும். சன்னல் வெளிச்சம் அங்கே ஒரு பக்கமாகத்தான் விழும். ஓட்டு வீடுகளில் கூரையில் கண்ணாடி ஓடு பதிப்பது இக்குறையை ஓரளவு போக்கியது.

சேலைப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. ஓர் இழை அறுந்ததை உடனே கவனிக்காவிட்டால் துணியில் நீளவாக்கில் கோடு விழும். அறுந்த இழையைப் பிணைத்து, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் மீண்டும் கோக்க வேண்டும். கருமை, கருநீலம் போன்ற அடர்நிறப் பாவில் இது மிகவும் கடினம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் பிணைக்கப்படுவதால், நடுவில் மட்டுமன்றி இரு ஓரங்களிலும் வெளிச்சம் தேவை. கூலி துணிக்கு உரியது, நேரத்துக்கு உரியதன்று. ஆகவே பிழையைத் திருத்தச் செலவாகும் நேரம் நெசவாளருக்கே இழப்பு.

மின்சாரத்துக்கு முன்

பகல் வெளிச்சமே நெடுங்காலம் நெசவு நேரத்தை வரையறுத்தது. ஆமணக்கெண்ணெய், இலுப்பெண்ணெய் விளக்குகளின் சுடர் சிறியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியபின் சிம்னி விளக்கும் அரிக்கேனும் வந்தன. புட்டியின் மூடியில் துளையிட்டுத் திரி செருகிய விளக்குகளை மக்கள் வீட்டிலேயே செய்துகொண்டனர்.

தறியருகே திறந்த சுடரை வைப்பதில் சில இடர்கள் இருந்தன. பலகையை அடிக்கும்போது எழும் காற்றில் சுடர் ஆடும். புகைக்கரி பட்டிலும் வெள்ளை நூலிலும் படியும். பஞ்சுத்தூசி தீப்பற்றக்கூடியது. விளக்கைத் தள்ளி வைத்தால் வெளிச்சம் போதாது. பின்னால் வைத்தால் நெய்பவரின் நிழலே பாவின்மேல் விழும்.

பிற நாடுகளில்

இதே சிக்கலை ஐரோப்பிய நெசவாளர்கள் முதலில் கட்டடத்தின் மூலம் தீர்க்க முயன்றனர். 1685-க்குப் பின் பிரான்சிலிருந்து வெளியேறி இலண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் குடியேறிய ஹியூகனோ பட்டு நெசவாளர்களின் வீடுகள் மாடியறையில் உள்ள அகன்ற சன்னல்களால் இன்றும் அடையாளம் காணப்படுகின்றன. பிரான்சின் லியோன் நகரில் குருவா-ரூஸ் குன்றில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த நெசவாளர் குடியிருப்புகளில் ஜக்கார்டு தறிக்காக உயரமான கூரையும் நெடிய சன்னல்களும் அமைந்தன. பகல் முடிந்தபின் அவர்களுக்கும் எண்ணெய் விளக்குதான்.

பல்பு முதல் எல்.இ.டி. வரை

1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. 1957-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தபின் மின்சாரம் கிராமங்களுக்கும் விரிந்தது. தறிக்கு மேல் குண்டு பல்பைத் தொங்கவிட்டதும் அதைத் தறிக்கு ஏற்பத் திருத்தும் கைவேலை தொடங்கியது. கண் கூசாமல் இருக்க அட்டையையோ தகரத்தையோ வளைத்து மூடி செய்வர். இழை பிணைக்கும்போது பின்னே நகர்த்த வசதியாக ஒயரைக் கயிற்றில் கோப்பர். குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுவதால், தலைக்கு அருகே அது தொல்லையாகவும் இருந்தது. நீளமான குழல்விளக்கு நிழலைக் குறைத்தது.

நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் வழியே வந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கு, 60 வாட் குண்டு பல்பின் ஒளியை 9 வாட் அளவில் தருகிறது. 12 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. பட்டையைத் தறிச் சட்டத்தின் மேற்கட்டையில் அகலவாக்கில் ஒட்டினால் இரு கரைகளுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். மின்கலத்திலும் இது எரியும் என்பதால் மின்தடையின்போது வேலை நிற்பதில்லை. எனினும் மலிவான பட்டைகளில் நிறங்கள் மாறித் தோன்றும். எனவே உடலுக்கும் கரைக்கும் நிறம் பொருத்திப் பார்க்கப் பகல் வெளிச்சமே நம்பகமானது.

சட்டமும் சலுகையும்

விளக்கை எரியவைத்த அதே மின்சாரம் விசைத்தறியையும் ஓட்டியது. அந்தப் போட்டியிலிருந்து கைத்தறியைக் காக்க 1985-இல் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் 22 துணி வகைகள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரம் 2016-இல் 200 அலகாகவும் 2023-இல் 300 அலகாகவும் உயர்த்தப்பட்டது. ஒன்றிய அரசின் கைத்தறி உதவித் திட்டத்தில் தறிக் கருவிகளோடு விளக்கு அமைப்பும் இடம்பெற்றுள்ளது.

வேலை நேரத்தில் விளைவு

விளக்கு நெசவாளரின் நாளை நீட்டியது. பண்டிகைக் காலத்து அவசர வேலை இரவிலும் நடந்தது. பகலில் சமையலும் தண்ணீரும் பார்த்த பெண்கள் இரவில் தார் சுற்றினர். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கைத்தறித் தொழிலில் உள்ள 35 லட்சம் பேரில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கூலி உயராதபோது, குறைந்த வருமானத்தை ஈடுகட்டக் கூடுதல் நேரம் நெய்யவும் அதே விளக்கு உதவியது. நல்ல வெளிச்சம் கண்ணின் சிரமத்தையும் துணியின் பிழையையும் குறைக்கும். ஆனால் உழைப்புக்குரிய விலையை அதனால் கூட்ட முடியாது; அதற்குக் கூலிதான் உயர வேண்டும்.